ஐயா ஓம் சொன்னவரோ

திருகோணமலை பஸ் நிலையத்துக்குக் கிட்ட இருந்த ஒரு கொமினிக்கேஷன் கடையில் இரத்தினேஸ்வரி பதினாறு வருடம் தமிழ் ரைப் பண்ணினாள். காணி உறுதியின் பிரதி, மாவட்டக் கச்சேரிக்குக் கொடுக்கும் விண்ணப்பம், காணாமற்போன பிள்ளையைப் பற்றிய கடிதம், மரண அறிவித்தல் எல்லாம் அவளுடைய விரல்களுக்குள்ளால் போனவை. நன்றாக எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள்கூட, "அக்கா, வசனத்தை நீங்களே போட்டு அடியுங்கோ" என்று சொல்லிவிட்டு முன்னால் இருந்த கதிரையில் சாய்ந்துவிடுவார்கள். வந்தவர் சொல்ல நினைத்தது எது என்று பொறுமையாகக் கேட்டு, அதை நாலு வரியில் போட்டுக் கொடுப்பது அவளுக்குக் கைவந்த வேலை.

அவள் கணவர் வீரசிங்கம் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்தார். கப்பல்களைக் கயிறு போட்டு உள்ளே இழுத்துவரும் படகு அது. எஞ்சின் அறைச் சத்தத்துக்கு மேலால் கத்திக் கத்திப் பழகிய மனிதர். அன்புவழிபுரத்து வீட்டில் ரகசியம் சொன்னாலும் பக்கத்து வளவுக்குக் கேட்கும். பிள்ளைகள் இல்லை. அந்தக் கவலையை நாற்பது வயதோடு இருவரும் ஒரு பக்கத்தில் வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளில் நிலாவெளிப் பக்கம் போய் மீன் வாங்கிக்கொண்டு, வழிநெடுகக் கதைத்தபடி வருவார்கள். பெரும்பாலும் அவர்தான் கதைப்பார்.

இரண்டாயிரத்து இருபத்தொன்றில், கொரோனாவுக்கு ஊர் முடங்கிக் கிடந்த ஆவணி மாதத்தில் ஒரு காலை, கிணற்றடியில் முகம் கழுவப் போனவர் வாளியோடு சரிந்தார். மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் இருந்தார். திரும்பி வந்தபோது வலது கையும் காலும் இல்லை என்ற மாதிரித்தான். பேச்சும் போய்விட்டது. மிஞ்சியவை இரண்டு சொற்கள். ஒன்று "ஓம்", மற்றது "ஏலாது". பசித்தாலும் ஓம், விளங்கினாலும் ஓம், சந்தோஷம் என்றாலும் ஓம். நோவும் கோபமும் வெறுப்பும் ஏலாதுக்குள் அடங்கின. அவ்வளவு கதைத்த மனிதர் அந்த இரண்டையும்கூடச் சிக்கனமாகத்தான் செலவழித்தார்.

இரத்தினேஸ்வரி வேலையை விட்டாள். வேறு வழி இருக்கவில்லை. ஆளைத் தூக்க, துடைக்க, திருப்ப, ஊட்ட ஒரு முழு மனுஷி தேவைப்பட்டாள்.

அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இரண்டாம் மாதம் வீரசிங்கத்தின் முதுகெலும்பு முடிகிற இடத்தில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் தோல் சிவந்து, அடுத்த நாள் பிரிந்தது. படுக்கைப் புண். போனில் தமிழில் தேடிப் பார்த்தாள். நாட்டு மருந்தும் நேர்த்திக்கடனும் கிடைத்தன. எத்தனை மணிக்கு ஒருக்கா ஆளைத் திருப்புவது என்று ஓரிடத்திலும் இல்லை. இங்கிலீஷில் இருந்ததை அகராதி வைத்துக்கொண்டு வாசித்தாள். ஐந்து கிழமையில் புண் ஆறியது. ஆறிய அன்று, கடையில் மற்றவர்களுக்கு அடித்துக் கொடுப்பதுபோல, தான் அறிந்ததை முகநூலில் எழுதினாள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காத் திருப்புங்கள். முழங்கால்களுக்கு இடையில் தலையணை வையுங்கள். குதிக்காலைப் பாருங்கள், எல்லாரும் அதை மறக்கிறார்கள். அவ்வளவுதான்.

அதை எத்தனையோ பேர் பகிர்ந்தார்கள். வவுனியாவிலிருந்து, ஹற்றனிலிருந்து, கனடாவில் இருந்துகொண்டு ஊரில் கிடக்கும் தாயை நினைத்துக் கவலைப்படுகிறவர்களிடமிருந்தெல்லாம் கேள்விகள் வந்தன. அவள் "கட்டிலடி" என்று ஒரு பக்கம் தொடங்கினாள்.

வவுனியாப் பெண் ஒருத்தி படுத்தபடி சிறுநீர் கழிக்க மூடியுள்ள சலப் போத்தல் எங்கே வாங்கலாம் என்று கேட்டாள். கொழும்பில் ஒரு இணையக் கடையில் இருந்ததை அனுப்பும்போதுதான், அந்தக் கடையின் பக்கத்தில் அடியில் சின்னதாக எழுதியிருந்ததை இரத்தினேஸ்வரி கண்டாள். கடை தரும் இணைப்பை அவரவர் பக்கத்தில் போடலாம். அதை அழுத்தி யாராவது பொருள் வாங்கினால் விலையில் ஒரு பங்கு தரகாக வரும். அவள் பதிந்துகொண்டாள்.

இந்தத் தொழிலில் வெல்வது எப்படி என்று சொல்கிற ஆட்கள் இணையத்தில் நிறையப் பேர். விலை கூடின பொருளை எடு, ஒரு நாளைக்குப் பத்துப் பதிவு போடு, இன்றே முடிகிறது என்று எழுது என்றார்கள். ஒரு கிழமை அப்படியே செய்தாள். ஒருவரும் ஒன்றும் வாங்கவில்லை. "அக்கா, நீங்களும் தொடங்கிட்டியளே?" என்று ஒருவர் கேட்டிருந்தார். வெட்கமாய்ப் போய்விட்டது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தன் வழியில் எழுதினாள். இந்தப் போத்தலின் மூடி மூன்றாம் மாதம் இறுகாது, ஆனாலும் இருக்கிறவற்றில் இதுதான் நல்லது. இந்தச் சில்லுக் கதிரை எங்கள் குளியலறைக் கதவுக்குள்ளால் போகவில்லை, வாங்குமுன் உங்கள் கதவை அளந்து பாருங்கள். இந்த இணைப்பால் வாங்கினால் எனக்குச் சிறு தரகு வரும், உங்களுக்கு விலை கூடாது. குறையைச் சொன்ன பொருளைத்தான் ஆட்கள் வாங்கினார்கள். அது அவளுக்கே புதினமாக இருந்தது.

இப்படித் தன் வழியில் முதல் பொருளைப் பற்றி எழுதுமுன் அவள் வீரசிங்கத்தின் கட்டிலில் குந்தினாள்.

"இஞ்சருங்கோ, உங்களைப் பற்றி எழுதட்டே? முகம் போடமாட்டன். பேரும் சொல்லமாட்டன்."

அவர் கனநேரம் அவளைப் பார்த்தார். பிறகு "ஓம்" என்றார்.

அதிலிருந்து எந்தப் பொருள் வந்தாலும் அவரில்தான் முதலில் பரீட்சை. இடுப்புப் பட்டி, சாப்பாட்டுத் தட்டு, நனையாத விரிப்பு எல்லாவற்றுக்கும் அவர் ஓம் அல்லது ஏலாது சொல்வார். அவள் அதை அப்படியே எழுதுவாள். பக்கத்துக்கு வருகிறவர்களுக்கு அது பழகிவிட்டது. புதுப் பொருள் ஒன்றின் படம் போட்டால் முதல் கேள்வியே, "ஐயா ஓம் சொன்னவரோ?" என்றுதான் வரும். அதை அவருக்கு வாசித்துக் காட்டினால் வாயின் இடது பக்கம் மட்டும் சிரிக்கும்.

டொலர் தட்டுப்பட்டு, பொருட்கள் இல்லாமற்போன வருடத்தில் வீட்டுச் சமையலுக்கும் மருந்துக்கும் அந்தத் தரகுதான் கை கொடுத்தது. ஆனாலும் போனில் விற்பனைச் செய்தி வரும்போது அவள் மனம் ஒருநாளும் துள்ளவில்லை. மூன்று சலப் போத்தல் விற்றது என்றால், எங்கோ மூன்று வீடுகளில் மூன்று பேர் விழுந்துவிட்டார்கள். பக்கம் வளர வளர அந்த எண்ணமும் கூடவே வளர்ந்தது.

இரண்டாயிரத்து இருபத்துநான்கில், புதிதாகத் தொடங்கிய ஒரு இறக்குமதிக் கம்பனியிலிருந்து ஒருவர் போன் எடுத்தார். காற்று மெத்தை ஒன்று கொண்டுவந்திருக்கிறார்களாம். அறை அறையாகப் பிரித்து, மாறி மாறிக் காற்று நிரம்பி, புண் வராமல் காக்கும் மெத்தை. இலவசமாக ஒன்று அனுப்புவார்களாம். தரகு மற்றவர்கள் தருவதைப்போல மூன்று மடங்கு.

"மாதம் முடியுறதுக்கிடையில எழுதித் தந்தால் நல்லது, மிஸ்" என்றார் அவர்.

அப்போது அவளுக்குக் காசு தேவையாக இருந்தது. மட்டக்களப்பில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒருவர் இருக்கிறார், மூன்று வருடத்துக்குப் பிறகும் சிலருக்குச் சொற்கள் திரும்பியிருக்கின்றன என்று கேள்விப்பட்டிருந்தாள். வான் பிடித்து, படுக்கவைத்துக்கொண்டு போக வேண்டும். ஒருக்காப் போனால் போதாது.

மெத்தை வந்தது. அதுவரை இருந்த பழைய பம்ப் மெத்தையை எடுத்துவிட்டுப் புதியதில் வீரசிங்கத்தைக் கிடத்தினாள். பம்பின் இரைச்சல் பரவாயில்லை. ஆனால் நடுவில் இருந்த இரண்டு அறைகள் சரியாக நிரம்பவில்லை. இடுப்பு கீழே போய்க் கட்டிலின் பலகையில் முட்டுவது அவள் கைக்குத் தெரிந்தது.

"ஏலாது" என்றார் அவர்.

அடுத்த நாளும் வைத்துப் பார்த்தாள்.

"ஏலாது. ஏலாது."

பழைய மெத்தையைத் திரும்பப் போட்டாள். பிறகு மேசையில் இருந்து எழுதத் தொடங்கினாள். எந்தப் புதுப் பொருளுக்கும் முதல் நாள் அவர் முகம் சுளிப்பதுண்டுதான். பழைய மெத்தைக்கும் அப்படித்தான் செய்தார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அனுப்பியது மட்டும் பழுதாக இருக்கலாம், மற்றவை நல்லதாக இருக்கலாம் என்றும் சொல்லிக்கொண்டாள். இரண்டு நாளை இரண்டு கிழமை என்று அடித்தாள். கடைசி வரிக்கு முன்னால் விரல் கொஞ்சம் நின்றது. "ஐயா முதல் நாளே ஓம் சொல்லிவிட்டார்" என்று அடித்து, பக்கத்தில் போட்டாள்.

ஒரு மாதத்துக்குள் நாற்பதுக்கு மேல் விற்றது.

மட்டக்களப்புக்கு மூன்று முறை போனார்கள். பயிற்சி கொடுத்தவர் பொறுமையான மனிதர். கண்ணாடியை முன்னால் வைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, பாட்டை இழுத்துப் பாடிக் காட்டி என்னென்னவோ செய்தார். மூன்றாம் முறை, பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போதே வீரசிங்கம் வாசலைப் பார்த்து, "போவம்" என்றார்.

பயிற்சி கொடுத்தவர் சிரித்துவிட்டார். இரத்தினேஸ்வரியும் சிரித்தாள். வானில் வரும்போது அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள், அவரும் திரும்பத் திரும்பச் சொன்னார். மூன்று வருடத்தில் அவருக்குக் கிடைத்த மூன்றாவது சொல்.

பிறகு மூதூரிலிருந்து றஹ்மா என்ற பெண்ணின் செய்தி வந்தது.

"அக்கா, நீங்க எழுதின மெத்தைய தம்பிக்கு வாங்கின நாங்க. ஒண்டரை மாசமாச்சி. இப்ப முதுகுக்குக் கீழ பெரிய புண். நீங்க செல்லிக் குடுத்த மாதிரித்தான் ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காத் திருப்புற. நாங்க செஞ்சதுல என்ன பிழை எண்டு கொஞ்சம் செல்லுவீங்களா?"

கூடவே ஒரு படம் இருந்தது. பல படுக்கைப் புண்களின் படங்களைப் பார்த்தவள் இரத்தினேஸ்வரி. இதைப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து எடுத்து, ஒவ்வொன்றாகக் கேட்டாள். எப்படித் திருப்புகிறீர்கள், எப்படித் துடைக்கிறீர்கள், என்ன சாப்பாடு. றஹ்மா எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்திருந்தாள். பிழை ஒன்றும் அந்த வீட்டில் இல்லை.

அடுத்த நாள் காலை, வீரசிங்கத்தைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து வீட்டு ரீச்சரிடம் சொல்லிவிட்டு அவள் மூதூர் பஸ் ஏறினாள். கிண்ணியாப் பாலத்தைக் கடக்கும்போது ஜன்னலால் உப்புக்காற்று அடித்தது. என்ன சொல்வது என்று பாடமாக்கிக்கொண்டு போனாள். போய் இறங்கியபோது ஒரு வசனமும் நினைவில் இல்லை.

றஹ்மா முப்பது வயது மதிக்கத்தக்கவள். தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தாள்.

"அல்லாஹ், நீங்களே வந்தீங்களா? உள்ளுக்கு வாங்க அக்கா. இவ்வளவு தூரம்."

அவள் தம்பி ஸப்வானுக்கு இருபத்தேழு வயது. கட்டாரில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் ஊருக்குக் கொண்டுவரப்பட்டவன். தலைமாட்டில் போன் இருந்தது. அவளைக் கண்டதும் எழும்ப முயல்வதுபோல் தோள்களை அசைத்தான்.

"உங்கட எல்லாத்தையும் நான்தான் வாசிக்கிற" என்றான், அக்கா றஹ்மாவைக் கண்ணால் காட்டி. "ராத்தாக்கு நேரமில்ல. ஐயா ஓம் சொன்ன சாமான் எண்டா கண்ண மூடிக்கிட்டு வாங்கு எண்டு நான்தான் செல்லுற."

இரத்தினேஸ்வரி அவன் இடுப்பின் கீழே கையை விட்டு மெத்தையை அமுக்கிப் பார்த்தாள். நடுவில் அதே இரண்டு அறைகள்தான். விரலுக்குப் பலகை தட்டுப்பட்டது. அன்று வீரசிங்கத்துக்கு நொந்தது. அவர் வாய் திறந்து சொன்னார். இந்தப் பிள்ளைக்கு நோவே தெரியாது. சொல்வதற்கு அவன் உடம்பில் இடமில்லை.

"நீங்கள் ஒரு பிழையும் செய்யேல்ல, பிள்ளை" என்று றஹ்மாவிடம் சொன்னாள். "நான்தான் செய்தனான். இந்த மெத்தையில அவர் ரெண்டு நாள்தான் படுத்தவர். அது சரியில்லை எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் எழுதினனான்."

ஸப்வான்தான் கேட்டான்.

"அப்ப ஐயா என்ன சொன்னவரு?"

"ஏலாது எண்டவர். மூண்டு தரம் சொன்னவர்."

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். இடுப்பும் காலும் கிடந்தபடியே கிடந்தன.

அவள் இருந்த கதிரையை விட்டு எழுந்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அந்தச் சொல் அந்த அறைக்குப் பொருத்தமில்லாத சின்னச் சொல்லாகத் தெரிந்ததால் விட்டுவிட்டாள். றஹ்மா குசினிக்குள் போய், தேத்தண்ணீர் கொண்டுவந்து சின்ன மேசையில் வைத்தாள்.

"குடிச்சிட்டுப் போங்க" என்றாள். "பஸ்ஸுக்கு இன்னும் நேரமிரிக்கி."

இரத்தினேஸ்வரி அந்தத் தேத்தண்ணீரைக் கடைசி மிடறு வரை குடித்தாள். மிச்சம் விட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து, உடுப்பு மாற்றாமலே மேசையில் இருந்து எழுதினாள். "காற்று மெத்தையைப் பற்றி நான் எழுதியது பொய். ஐயா ஏலாது என்றார். நான் ஓம் என்று எழுதினேன். தரகுக்காக எழுதினேன். வாங்கியவர்கள் உடனே எடுத்துவிடுங்கள். நோயாளியின் இடுப்பின் கீழே கையை விட்டுப் பாருங்கள்." கம்பனியின் ஆள் போன் எடுத்து ஏசினார், வழக்குப் போடுவேன் என்றார். வாங்கியவர்களில் பலர் ஏசினார்கள். ஒருவர், "புருஷன்ர வருத்தத்தை வித்துச் சாப்பிடுறவள்" என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரியை அவள் எத்தனை தரம் வாசித்தாள் என்று அவளுக்கே தெரியாது. அது பொய் என்று தள்ளிவிட அவளால் முடியவில்லை.

அன்று பின்னேரம் கட்டிலில் குந்தி, நடந்ததெல்லாவற்றையும் வீரசிங்கத்துக்குச் சொன்னாள். மட்டக்களப்புக்குப் போன காசு எங்கிருந்து வந்தது என்பதையும் சொன்னாள். அவர் கண்ணை எடுக்காமல் கேட்டார். முடிந்ததும் இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்து, "ஓம்" என்றார்.

மன்னித்தேன் என்றாரா, நீ செய்தது பிழைதான் என்றாரா, வெறுமனே கேட்டுக்கொண்டேன் என்றாரா? அவள் கேட்டுப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மெத்தையால் வந்த காசில் மிஞ்சியதற்குப் புண்ணுக்குக் கட்டும் மருந்துத் துணிகள் வாங்கி, மூதூர் பஸ்ஸில் கொடுத்து அனுப்பினாள். முதல் முறை பொதி அப்படியே திரும்பி வந்தது. இரண்டாம் முறை வரவில்லை. ஸப்வானின் புண்ணைப் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்து வெட்டித் தைத்தார்கள். புண் முழுதாக மூட ஒன்பது மாதம் எடுத்தது. இதையெல்லாம் றஹ்மா இரண்டொரு வரியில் அறிவிப்பாள். சுகம் விசாரிக்கமாட்டாள்.

பக்கத்துக்கு வருகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். இருந்தவர்கள் இருந்தார்கள். அவள் பிறகு எழுதியவற்றில் எத்தனை நாள் பாவித்தோம் என்று திகதியோடு போட்டாள். ஏலாது என்ற பொருட்களுக்கென்றே ஒரு தனிப் பட்டியல் வைத்தாள். அதைப் பார்த்து மெல்ல மெல்ல ஆட்கள் திரும்பினார்கள். ஒரு வருடம் கழித்து, தரகு முன்னைவிடக் கூடவே வந்தது. உன் தொழில் நன்றாகப் போகிறதே என்று ரீச்சர் ஒருநாள் சொன்னார். இரத்தினேஸ்வரி வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.

இருபத்தைந்தாம் ஆண்டுக் கார்த்திகை மழைக்குள் வீரசிங்கத்துக்குச் சளி கட்டியது. இரண்டே நாளில் மூச்சு இழுக்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் போட்டார்கள். மூன்றாம் நாள் காலை, அவள் முகம் துடைத்துவிடும்போது அவர் வாசலைப் பார்த்தார்.

"போவம்" என்றார்.

"சுகமாகினதும் போவம். இன்னும் ரெண்டு நாள்தான்."

"போவம்."

"இஞ்ச மருந்து ஏறுதெல்லே. பொறுங்கோ."

அவர் பிறகு சொல்லவில்லை. அன்று பின்னேரம் நாலரை மணிக்கு மூச்சு நின்றது. தாதி வந்து குழாயைக் கழற்றும்போது இரத்தினேஸ்வரி பக்கத்தில்தான் நின்றாள். அவருடைய இடது கை அவள் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி இருந்தது. அதை விரல் விரலாக எடுக்க வேண்டியிருந்தது.

பழைய கொமினிக்கேஷன் கடைக்குப் போய் மரண அறிவித்தலைத் தானே அடித்தாள். கடைக்காரர் வேண்டாம் என்றார், அவள் கேட்கவில்லை. மற்றவர்களுக்கு நூற்றுக்கணக்கில் அடித்தவள், "அன்னார்" என்ற சொல்லுக்கு வந்ததும் எழும்பி வெளியே போய்விட்டு வந்தாள்.

பதிவுகளை முன்கூட்டியே எழுதி, இன்ன திகதியில் தானாக வெளியாகும்படி வைப்பது அவள் வழக்கம். அவருக்குச் சளி தொடங்குமுன் அப்படி ஒன்று வைத்திருந்தது அவள் நினைவிலேயே இல்லை. செத்தவீடு முடிந்து ஐந்தாம் நாள் அது வெளியானது. பக்கவாட்டில் பட்டி வைத்துத் தைத்த மேற்சட்டை ஒன்றைப் பற்றிய பதிவு. "ஐயாவுக்கு இது நல்ல வசதியாக இருக்கிறது. கையை மடக்காமலே போடலாம்." அடியில் வழமைபோல ஆட்கள் கேட்டிருந்தார்கள்.

"ஐயா ஓம் சொன்னவரோ?"

அவள் இரண்டு நாள் அதற்குப் பதில் எழுதவில்லை. பிறகு பக்கத்தின் மேலே எல்லாரும் காணும்படி எழுதினாள். "ஐயா கார்த்திகையில் காலமானார். அவர் பெயர் வீரசிங்கம். இழுவைப் படகில் வேலை செய்தவர். நிறையக் கதைப்பார். கீழே உள்ளவை அவர் இருந்தபோது எழுதியவை." முதல் தடவையாக அவருடைய படத்தையும் போட்டாள். படகில் நின்று யாரையோ பார்த்து வாயைத் திறந்து கத்துகிற படம். ஆயிரக்கணக்கானோர் அனுதாபம் எழுதினார்கள். அவர்களுக்குள் ஸப்வானும் இருந்தான். "ஐயாக்காக துஆச் செஞ்சன். அவரு உங்களுக்கிட்ட உண்மையத்தான் சொன்னவரு" என்று எழுதியிருந்தான்.

புதிதாக எதையும் அவள் எழுதவில்லை. பாவித்துப் பார்க்க ஆள் இல்லை. ஆனால் பழைய பதிவுகள் தங்கள் பாட்டில் விற்றுக்கொண்டிருந்தன. ஏதோ ஒரு ஊரில் யாரோ வீரசிங்கத்தின் இடுப்பைப் பற்றி, கையைப் பற்றி, குதிக்காலைப் பற்றி வாசித்துவிட்டுப் பொருள் எடுத்தார்கள். போன் டிங் என்று அடிக்கும். அந்தச் சத்தத்தை நிறுத்தி வைத்தாள். பக்கத்தை அழித்துவிடவும் மனம் வரவில்லை.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து ஒரு கிழமையால், வீரசிங்கம் கிடந்த ஆஸ்பத்திரிக் கட்டிலை யாருக்காவது கொடுக்கலாம் என்று ரீச்சர் மூலம் சொல்லிவிட்டாள். சம்பூரிலிருந்து ஒரு தகப்பனும் மகளும் சின்ன லொறியில் வந்தார்கள். தாய்க்குத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது பாரிசவாதம் வந்ததாம். மகளின் பெயர் லோஜனா. இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். தகப்பன் லொறியில் கயிறுகளை எடுத்துக்கொண்டிருக்க, அவள் கட்டிலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"அன்ரி, உங்கட பக்கத்தில வாசிச்சனான், எப்பிடித் திருப்புறதெண்டு. ஆனா அம்மாவைப் பிடிக்கேக்க பயமா இருக்கு. எங்க பிடிக்கிறதெண்டு தெரியேல்ல."

"சொல்லித் தாறன்" என்றாள் இரத்தினேஸ்வரி. காட்டுவதற்கு வேறு ஆள் இல்லை. சேலையைச் செருகிக்கொண்டு தானே கட்டிலில் ஏறிப் படுத்தாள். "இஞ்ச பாருங்கோ, ஒரு கை தோளுக்குப் பின்னால. மற்றது இடுப்பில. இழுக்கக் கூடாது. உங்கட பக்கம் உருட்டுங்கோ."

லோஜனா உருட்டினாள். பிறகு மற்றப் பக்கம் உருட்டினாள். மூன்றாம் தரம் கை பழகிவிட்டது.

"நோகுதோ, அன்ரி?"

"இல்லை. சரியாத்தான் செய்யிறியள். இப்ப நேரா விடுங்கோ."

நேராகக் கிடந்தபோதுதான் இரத்தினேஸ்வரி மேலே பார்த்தாள். மின்விசிறி. அதன் செட்டைகளின் அடிப்பக்கத்தில் தடிப்பாகத் தூசு. கூரைச் சீற்றில் மழை ஒழுகிய பழுப்பு நிறம். தலையைத் திருப்பினால் வெறும் சுவர். ஜன்னல் தலைக்குப் பின்னால் இருந்தது. எவ்வளவு நெளிந்தாலும் தெரியாது. ஒழுங்கை தெரியாது, முற்றம் தெரியாது. துறைமுகப் பக்கம் கப்பல் ஊதினால் கேட்கும், அவ்வளவுதான். மெத்தையின் பம்புக்கு அந்த மூலையில்தான் பிளக் இருந்தது. அதனால் கட்டிலை அந்த மூலையில் போட்டாள். காலடிப் பக்கம் அவளுடைய மேசையும் கதிரையும். வெளிச்சத்துக்காக மேசையைத் திருப்பிப் போட்டிருந்ததால், கட்டிலிலிருந்து பார்த்தால் கதிரையின் முதுகுதான் தெரிந்தது. அதில் இருப்பவரின் முதுகும் தெரிந்திருக்கும்.

நாலு வருடம் அந்தக் கதிரையில் இருந்து அவள் அவரைப் பற்றித்தான் எழுதினாள். ஒருநாளும் இதில் படுத்துப் பார்க்கவில்லை.

"அன்ரி, எழும்புறீங்களோ? அப்பா கயிறோட வந்திட்டார்."

"கொஞ்சம் பொறுங்கோ, பிள்ளை."

அவர்கள் பொறுத்தார்கள். பெண் தகப்பனைப் பார்த்து, பேசவேண்டாம் என்று கண்ணால் காட்டினாள். இரத்தினேஸ்வரி கண் நிறைந்து காதுப் பக்கம் வழிந்ததைத் துடைக்காமல், மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்தாள். பிறகு கட்டிலின் கம்பியைப் பிடித்து எழுந்து குந்தினாள்.

"இதை உங்கட வீட்டில எங்க போடப் போறியள்?"

"உள் அறையில" என்றார் தகப்பன். "அங்கதான் பிளக் இருக்கு."

"வேண்டாம். வாசல் தெரியிற மாதிரிப் போடுங்கோ. வயர் இழுக்கவேணுமெண்டா இழுங்கோ. போடுறதுக்கு முதல் நீங்கள் ஒருக்காப் படுத்துப் பாருங்கோ, அவவுக்கு என்ன தெரியுமெண்டு."

கட்டிலையும் மெத்தையையும் ஏற்றி, மேலே தறப்பாள் போட்டுக் கட்டினார்கள். தகப்பன் காசு கொடுக்க வந்தார், அவள் வாங்கவில்லை. லொறி ஒழுங்கையால் திரும்பும் வரை படலையில் நின்றாள்.

அடுத்த நாள் பின்னேரம் மேசைக்கு முன்னால் இருந்தாள். நோயாளியின் கட்டிலை எங்கே போடுவது என்பதைப் பற்றி எழுத நினைத்தாள். பிளக்கைப் பற்றி ஒரு வரி, ஜன்னலைப் பற்றி ஒரு வரி. நீங்கள் இருக்கும் கதிரையை அவருடைய பக்கம் திருப்பிப் போடுங்கள் என்று மூன்றாவது வரியை அடித்தாள். அதற்கு மேல் எழுத வரவில்லை. அந்த மூன்று வரியை மட்டும் பக்கத்தில் போட்டுவிட்டு, விளக்குப் போடுவதற்காக எழும்பினாள்.